ஒரு லீக் பருவம் எப்படி ஓடுகிறது? சிங்கப்பூர் பிரிமியர் லீக்கை வைத்து ஓர் எளிய விளக்கம்

சனிக்கிழமை இரவானால் காப்பிக்கடைத் தொலைக்காட்சியில் இங்கிலாந்து லீக் ஓடும் ஊர் இது. ஆர்சனல் எத்தனை புள்ளி, லிவர்பூல் எத்தனையாவது இடம் என்று கேட்டால் பத்து வயதுப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது, ஒரு குழு ஏன் மற்றக் குழுவைவிட இரண்டு ஆட்டம் குறைவாக ஆடியிருக்கிறது, கடைசி ஆட்டத்துக்கு முன்பே ஒரு குழு எப்படி லீக் பட்டத்தை உறுதி செய்கிறது என்று கேட்டால் பெரியவர்களே தடுமாறுவார்கள். இதைக் கற்றுக்கொள்ள 20 குழுக்கள் கொண்ட இங்கிலாந்தைவிட நம் சிங்கப்பூர் பிரிமியர் லீக் வசதியானது. குழுக்கள் குறைவு, கணக்கை விரல்விட்டு எண்ணலாம். அட்டவணை போடுபவர்களின் தலைவலியும் இங்கே மறைவின்றித் தெரியும்.

முதலில் ஓர் அடிப்படை வேறுபாடு. கிண்ணப் போட்டியில் தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டும். லீக்கில் யாரும் வெளியேறுவதில்லை. ஒவ்வொரு குழுவும் மற்ற எல்லாக் குழுக்களோடும் ஒரே எண்ணிக்கையில் மோதும். முடிவில் புள்ளி அதிகம் வைத்திருப்பவர் வெற்றியாளர். இறுதியாட்டம் என்று தனியாக ஒன்று கிடையாது. அதனால்தான் லீக் வெற்றியைக் கிண்ண வெற்றியைவிடக் கனமானது என்கிறார்கள். ஓர் இரவு அதிர்ஷ்டம் கைகொடுத்தால் கிண்ணம் வரலாம், லீக் வராது.

எல்லாக் குழுக்களும் ஒருமுறை மோதி முடிப்பதை ஒரு சுற்று என்போம். ஒரு சுற்றில் எத்தனை ஆட்டம் என்று அறிய, குழுக்களின் எண்ணிக்கையை அதில் ஒன்று குறைத்த எண்ணால் பெருக்கி, இரண்டால் வகுக்க வேண்டும். 8 குழுக்கள் என்றால் 8 பெருக்கல் 7, அது 56, பாதி 28. இங்கிலாந்தில் 20 குழுக்கள் இரண்டு சுற்று ஆடுகின்றன. ஒவ்வொரு குழுவுக்கும் 38 ஆட்டம், மொத்தம் 380. சொந்தத் திடலில் ஒருமுறை, எதிரணித் திடலில் ஒருமுறை என்பதால் கணக்கு நேராக நிற்கிறது.

எட்டுக் குழுக்கள் இரண்டே சுற்று ஆடினால் ஆளுக்கு 14 ஆட்டந்தான். அதை வைத்து ஒரு தொழில்முறைப் பருவத்தை ஓட்ட முடியாது. ஆட்டக்காரர்களுக்கு மாதச் சம்பளம் உண்டு, ஆடாத மாதத்துக்கும் கொடுத்தாக வேண்டும். எனவே சிறிய லீக்குகள் மூன்று அல்லது நான்கு சுற்றுக்குப் போகின்றன. 2024-25 பருவத்தில் சிங்கப்பூரில் 9 குழுக்கள் நான்கு சுற்று ஆடின: ஆளுக்கு 32, மொத்தம் 144 ஆட்டங்கள். புருணையின் டிபிஎம்எம் அதன்பின் மலேசிய லீக்குக்குப் போய்விட, 2025-26ல் 8 குழுக்கள், மூன்று சுற்று, ஆளுக்கு 21 ஆட்டம் என்றானது.

மூன்று சுற்றில் ஒரு சின்ன அநீதி இருக்கிறது. முதல் இரண்டு சுற்றில் ஏழு ஆட்டம் சொந்தத் திடலில், ஏழு வெளியில் என்று சரியாகப் பிரியும். மூன்றாவது சுற்றில் மிஞ்சுவது ஏழு ஆட்டம். ஏழைச் சமமாகப் பிரிக்க முடியாது. சிலருக்கு 11 சொந்தத் திடல் ஆட்டங்கள், சிலருக்கு 10. இங்கிலாந்தில் இப்படிச் செய்தால் ரசிகர்கள் கலவரமே செய்வார்கள். இங்கே பெரிதாக யாரும் முறையிடுவதில்லை. காரணம், தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு மணிநேரப் பேருந்துப் பயணந்தான். நீண்ட பயணக் களைப்பு இல்லை, வேறு தட்பவெப்பம் இல்லை. சொந்தத் திடல் சாதகத்தில் பாதி இங்கே ஏற்கெனவே கரைந்துவிட்டது.

அட்டவணை பிறக்கும் விதம்

எட்டுக் குழுக்களுக்கு அட்டவணை போட ஒரு பழைய முறை உண்டு. ஒரு தாளும் பேனாவும் போதும். மேல் வரிசையில் 1, 2, 3, 4 என்று எழுதுங்கள். அதற்கு நேர்கீழே 8, 7, 6, 5 என்று எழுதுங்கள். மேலும் கீழும் இருப்பவை மோதும்: 1 எதிர் 8, 2 எதிர் 7, 3 எதிர் 6, 4 எதிர் 5. இது முதல் ஆட்டவாரம். இப்போது 1ஐ மட்டும் அசைக்காமல் வைத்துவிட்டு, மற்ற எல்லா எண்களையும் வலமாக ஓர் இடம் நகர்த்துங்கள். மேல் வரிசை 1, 8, 2, 3 ஆகும். கீழ் வரிசை 7, 6, 5, 4 ஆகும். இரண்டாவது வாரம் 1 எதிர் 7, 8 எதிர் 6, 2 எதிர் 5, 3 எதிர் 4. இப்படி மொத்தம் ஆறு முறை நகர்த்தினால், ஏழு வாரத்தில் எல்லாரும் எல்லாரோடும் ஒருமுறை மோதி முடித்திருப்பார்கள். எந்த மோதலும் இருமுறை வராது.

குழுக்கள் ஒற்றைப்படையாக இருந்தால்? ஒன்பது குழுக்களோடு இல்லாத பத்தாவது குழுவைச் சேர்த்துக்கொண்டு இதே முறையில் சுழற்றலாம். அந்தக் கற்பனைக் குழுவோடு சேர்ந்தவருக்கு அந்த வாரம் ஓய்வு. அதனால் 2024-25ல் ஒவ்வொரு குழுவும் ஆடவேண்டியது 32 ஆட்டமாக இருந்தாலும், அட்டவணைக்குத் தேவைப்பட்டது 36 ஆட்டவாரங்கள். பட்டியலில் ‘ஆடியது’ என்ற நெடுவரிசை எப்போதும் ஏறுக்குமாறாக இருந்ததற்கு இது முதல் காரணம்.

தாளில் அழகாக வரும் இந்த அட்டவணை, திடல்களைப் பார்த்ததும் உடைகிறது. சிங்கப்பூரில் குழுவுக்கு ஒரு விளையாட்டரங்கம் என்ற ஆடம்பரம் கிடையாது. லயன் சிட்டி செய்லர்ஸும் பாலஸ்டியர் கால்சாவும் பீஷான் அரங்கத்தைப் பகிர்ந்துகொண்டன. தெம்பனிஸ் ரோவர்ஸும் கேலாங் இன்டர்நேஷனலும் நம் தெம்பனிஸ் நடுவத்தில் சேர்ந்து குடியிருந்தன. ஒரே அரங்கில் இருக்கும் இரண்டு குழுக்களுக்கும் ஒரே இரவில் சொந்தத் திடல் ஆட்டம் கொடுக்க முடியாது. ஒன்று வீட்டில் இருக்கும்போது மற்றது வெளியே போயாக வேண்டும். எனவே அட்டவணை போடுபவர், சுழற்சியில் யாருக்கு எந்த எண் என்பதைக் குலுக்கலுக்கு விடுவதில்லை. சொந்தம், வெளி என்ற வரிசை ஒன்றுக்கொன்று நேர்மாறாக அமையும் எண்களைத் தேடி அந்த இணைகளுக்கு ஒதுக்குகிறார். அரங்கத்தைப் பள்ளிகளின் விளையாட்டு நாளுக்கோ சமூக நிகழ்ச்சிக்கோ முன்பதிவு செய்திருந்தால் அந்த நாளும் போயிற்று. இவை மக்கள் காலையில் ஓடவும் நடக்கவும் பயன்படுத்தும் பொது அரங்குகள்.

தரையும் ஒரு விஷயம். ஜாலான் புசாரிலும் தெம்பனிஸிலும் செயற்கைப் புல். அதன்மேல் வாரத்துக்கு நான்கு ஆட்டம் நடத்தினாலும் தாங்கும். பீஷானில் இயற்கைப் புல். மழைக்காலத்தில் அடுத்தடுத்து ஆடினால் கோல் பகுதி சேறாகும், பிறகு வாரக்கணக்கில் ஆறாது. செயற்கைப் புல்லில் பந்து வேகமாக உருண்டு உயரமாகத் துள்ளும். நீளமான பந்தைத் துரத்தும் குழு அங்கே அதை அடிக்கடி கோட்டுக்கு வெளியே விடும். புதிதாக ஆட்டம் பார்க்க வருபவர் எந்த அரங்கம் என்று கவனித்தாலே ஆட்டத்தின் வேகம் பாதி பிடிபடும்.

32 ஆட்டத்துக்கு ஏன் ஓர் ஆண்டு?

2024-25 பருவம் 2024 மே மாதம் தொடங்கி 2025 மே மாதம் முடிந்தது. வாரத்துக்கு ஓர் ஆட்டம் என்று வைத்தாலும் எட்டு மாதத்தில் முடிந்திருக்க வேண்டியது, ஓராண்டுக்கு மேல் இழுத்தது. சோம்பல் காரணமில்லை, நாள்காட்டி காரணம்.

அதற்கு முன்புவரை சிங்கப்பூர் லீக் ஒரே ஆண்டுக்குள், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் தொடங்கி அக்டோபர் வாக்கில் முடிந்துவந்தது. ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பு (ஏஎஃப்சி) தன் குழுப் போட்டிகளை 2023-24 முதல் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கி மறு ஆண்டு மே மாதத்தில் முடிக்கும் முறைக்கு மாற்றியது. உள்ளூர் லீக் பழைய நாள்காட்டியில் நின்றால், நம் குழு ஆசியப் போட்டியின் காலிறுதிக்கு வரும்போது உள்ளூரில் பருவம் முடிந்து புதுப் பருவம் பிறந்திருக்கும். பாதி ஆட்டக்காரர்களின் ஒப்பந்தமும் முடிந்திருக்கும். எனவே லீக்கும் மாறியது. அந்த மாற்றத்துக்கான பாலமாகத்தான் 2024-25 அவ்வளவு நீளமாக இருந்தது.

நாள்காட்டியில் முதலில் எழுதப்படுவது லீக் ஆட்டங்கள் அல்ல, லீக் ஆட முடியாத நாள்கள். அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனம் தேசியக் குழுக்களுக்காக ஒதுக்கும் இடைவெளிகள் வழக்கமாக மார்ச், ஜூன், செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்களில் வரும். அந்த நாள்களில் குழுக்கள் தம் ஆட்டக்காரர்களை நாட்டுக்காக விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். தென்கிழக்காசிய நாடுகள் மோதும் ஆசியான் கிண்ணம் இந்த இடைவெளிக்கு வெளியே வருவது, குழுக்கள் ஆளை அனுப்பக் கடமைப்பட்டவை அல்ல. 2024 டிசம்பரில் அது நடந்தபோது தேசியக் குழு ஏறத்தாழ முழுவதும் உள்ளூர் லீக்கிலிருந்து வந்ததால், லீக் நின்றால்தான் நாடு ஆடமுடியும் என்ற நிலை. டிசம்பரில் தென்கிழக்காசிய விளையாட்டுகள் வரும் ஆண்டில் 23 வயதுக்குட்பட்டோர் குழுவான யங் லயன்ஸின் ஆட்டங்கள் மட்டும் தனியாக இடம் மாறும்.

இதன் மேல் ஆசியப் போட்டி. செய்லர்ஸ் 2024-25ல் ஏஎஃப்சி சாம்பியன்ஸ் லீக் 2 இறுதியாட்டம் வரை போயிற்று. 2025 மே 18ஆம் தேதி பீஷானில் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளின் ஷார்ஜா குழுவிடம் 2-1 என்று தோற்றது. லீக் பருவம் முடியும் தறுவாயில் இருந்த நேரம் அது. வார நடுவில் ஆசிய ஆட்டம், வார இறுதியில் லீக் ஆட்டம், இடையில் விமானப் பயணம். இரண்டு ஆட்டத்துக்கு நடுவே மூன்று நாளாவது இருக்கவேண்டும் என்பது பொதுவான கணக்கு. அது கிடைக்காதபோது லீக் ஆட்டம் தள்ளிவைக்கப்படும். தள்ளிவைத்த ஆட்டங்கள் பருவத்தின் கடைசியில் வந்து குவியும், அப்போது பெரிய ஆட்டக்காரர் வரிசை இல்லாத குழு மூச்சு வாங்கும். செய்லர்ஸ் அந்தப் பருவத்தில் லீக்கையும் சிங்கப்பூர்க் கிண்ணத்தையும் சேர்த்து வென்றதற்கு அதன் மாற்று ஆட்டக்காரர் வரிசையின் ஆழமே பெரிய காரணம். முதல் பதினொருவரை மட்டும் எண்ணிப் பருவத்தைக் கணிப்பவர்கள் தவறுவது இங்கேதான்.

எல்லாவற்றுக்கும் மேலே வானம். மின்னல் எச்சரிக்கை ஒலித்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார், ஆட்டக்காரர்கள் உள்ளே போகவேண்டும். எச்சரிக்கை நீங்கும்வரை காத்திருப்புதான். ஏழரை மணி ஆட்டம் ஒன்பதுக்குத் தொடங்குவதும் உண்டு. ஆண்டிறுதி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆட்டம் பார்க்கக் கிளம்புபவர்கள் மறுநாள் வேலையை மனத்தில் வைத்துக்கொண்டே கிளம்பவேண்டும்.

பட்டியலைப் படிக்கும் கலை

வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1, தோல்விக்கு ஒன்றுமில்லை. முன்பு வெற்றிக்கு 2 புள்ளிதான். இங்கிலாந்து 1981ல் மூன்றுக்கு மாறியது, உலகக் கிண்ணம் 1994ல் பின்பற்றியது. இந்த ஒரு புள்ளி வித்தியாசம் ஆட்டத்தின் போக்கையே மாற்றிவிட்டது. பழைய கணக்கில் இரண்டு சமநிலையும் ஒரு வெற்றியும் ஒரே மதிப்பு. இப்போது ஒரு வெற்றி, ஒரு தோல்வி என்றால் 3 புள்ளி. இரண்டு சமநிலை என்றால் 2. எண்பதாவது நிமிடத்தில் 1-1 என்று இருக்கும்போது பயிற்றுவிப்பாளர் தற்காப்பு ஆளை எடுத்துவிட்டுத் தாக்குதல் ஆளை இறக்குவது இதனால்தான்.

ஒரு மாதிரி வரிசையைப் பார்ப்போம். ஆடியது 12, வெற்றி 8, சமநிலை 2, தோல்வி 2, அடித்த கோல் 27, விட்ட கோல் 14, வித்தியாசம் கூட்டல் 13, புள்ளி 26. எட்டு வெற்றிக்கு 24, இரண்டு சமநிலைக்கு 2, சரி. அதற்குக் கீழே இரண்டாவது இடத்தில் ஒரு குழு: ஆடியது 10, வெற்றி 8, சமநிலை 1, தோல்வி 1, புள்ளி 25. முதல் பார்வைக்கு மேலே இருப்பவர் முன்னணி. உண்மையில் கீழே இருப்பவரின் நிலைதான் பலமானது.

இதைச் சட்டென்று காண ஒரு வழி: வாங்கிய புள்ளியைப் பார்க்காமல் விட்ட புள்ளியைப் பாருங்கள். பன்னிரண்டு ஆட்டத்தில் அதிகபட்சம் 36 கிடைத்திருக்கும், 26 வாங்கியவர் 10 விட்டிருக்கிறார். பத்து ஆட்டத்தில் அதிகபட்சம் 30, 25 வாங்கியவர் 5 விட்டிருக்கிறார். வாங்காத புள்ளி இனிமேல் வரலாம், விட்ட புள்ளி ஒருபோதும் திரும்பாது. ஆட்ட எண்ணிக்கை ஏறுக்குமாறாக இருக்கும் சிங்கப்பூர்ப் பட்டியலைப் படிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஒரே ஓர் எச்சரிக்கை: கையில் மிச்சமிருக்கும் ஆட்டம் கையில் இருக்கும் புள்ளி ஆகாது. அந்த இரண்டு ஆட்டமும் யாரோடு, எந்த வாரத்தில் திணிக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்த பிறகே ஆளைக் கணக்குப் போடவேண்டும்.

புள்ளி சமமானால் என்ன செய்வது என்பதில் லீக்குக்கு லீக் விதி மாறும். இங்கிலாந்தில் கோல் வித்தியாசம் முதலில் வரும். ஸ்பெயினில் அந்த இரண்டு குழுக்களும் தங்களுக்குள் மோதிய ஆட்டங்களின் முடிவு முதலில் வரும். இதன் விளைவு சாதாரணமானதல்ல. கோல் வித்தியாசம் எண்ணப்படும் லீக்கில் 4-0 என்று முன்னணியில் இருக்கும் குழுவும் ஐந்தாவதைத் தேடும். நேருக்கு நேர் முடிவு எண்ணப்படும் லீக்கில் போட்டியாளரோடு ஆடும் ஆட்டத்தில் மட்டும் உயிரைக் கொடுத்து ஆடும். ஒரு லீக்கைப் புதிதாகப் பின்தொடர்பவர் முதல் வாரத்திலேயே அதன் விதிப் புத்தகத்தில் இந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுவது நல்லது. கடைசி வாரத்தில் படித்தால் கோபந்தான் வரும்.

இனி, ‘கணக்குப்படி உறுதி’ என்ற சொல். முதலிடத்தில் 50 புள்ளி, இரண்டாமிடத்தில் 43, இருவருக்கும் மூன்று ஆட்டம் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாமவர் மூன்றையும் வென்றால் 52. முதலாமவர் 53ஐத் தொட்டுவிட்டால் எட்டிப் பிடிக்க முடியாது. அதாவது ஒரு வெற்றி போதும். அந்த மூன்றில் ஒன்று இவர்கள் இருவருக்கும் இடையிலான ஆட்டமாக இருந்தால் கணக்கு இன்னும் சுருங்கும். அதில் சமநிலை கண்டாலே முதலாமவர் 51, இரண்டாமவர் 44. மிச்சம் இரண்டையும் வென்றாலும் 50தான். பட்டம் முடிவாகிவிட்டது. அந்த ஓர் ஆட்டம் மற்ற ஆட்டங்களைப்போல் இரண்டு மடங்கு எடை கொண்டது. ஒரே எதிரியை மூன்று, நான்கு முறை சந்திக்கும் சிறிய லீக்கில் இப்படிப்பட்ட ஆட்டங்கள் அடிக்கடி வரும்.

ஒரே எதிரியை நான்கு முறை சந்திப்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. முதல் சந்திப்பில் எடுபடும் தந்திரம் மூன்றாவதில் எடுபடாது. எந்தப் பக்கம் பந்தை வெட்டுவான், எந்தக் காலால் மூலை உதை அடிப்பான் என்பதெல்லாம் எல்லாருக்கும் மனப்பாடம். அதனால் சிறிய லீக்கில் பருவத்தின் பின்பாதியில் கோல்கள் தனித்திறமையாலும் சோர்வாலும்தான் அதிகம் விழும்.

யார் ஆடலாம்?

ஆளைப் பதிவு செய்யப் பருவத்துக்கு இரண்டு காலவரம்புகள்தான் திறக்கும். ஒன்று பருவம் தொடங்கும் முன், இன்னொன்று நடுவில். நடுவில் திறப்பது பழுது பார்க்க. அடிபட்ட கோல்காப்பாளருக்கு மாற்று, கோல் அடிக்காத வெளிநாட்டுத் தாக்குதல் ஆளுக்கு மாற்று. அது மூடிய மறுவாரம் முக்கிய ஆளுக்கு முழங்கால் போனால், பயிற்சிக் குழுவிலிருந்து பையனைத்தான் இறக்கவேண்டும்.

வெளிநாட்டவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு, அது அவ்வப்போது மாறுகிறது. போக்கு அண்மையில் தளர்வை நோக்கியே இருக்கிறது. இடம் குறைவாக இருக்கும்போது குழுக்கள் அவற்றைத் தாக்குதலுக்கும் நடுத் தற்காப்புக்கும் செலவழிக்கும். கோல் அடிப்பவனும் கோல் தடுப்பவனும்தான் புள்ளி தருவார்கள். அதனால் உள்ளூர்த் தாக்குதல் ஆட்டக்காரர் வளர இடம் கிடைப்பதில்லை என்ற குறை தேசியக் குழு தோற்கும்போதெல்லாம் எழுகிறது. அதில் உண்மை இருக்கிறது. போஸ்னியாவில் பிறந்து இங்கே ஆடவந்த அலெக்சாண்டர் டூரிச் 2007ல் சிங்கப்பூர்க் குடிமகனானதும் வெளிநாட்டவர் கணக்கிலிருந்து நீங்கினார். அவர் இருந்த குழுவுக்கு அதன்பின் ஓர் இடம் மிச்சம். தேசியக் குழுவுக்கும் கோல் அடித்தார், 44 வயதில்தான் ஓய்வுபெற்றார்.

இளையரை வளர்க்கவும் விதிகள் போட்டுப் பார்த்தார்கள். 2018ல் முதல் பதினொருவரில் மூவராவது 23 வயதுக்குட்பட்டவராக இருக்கவேண்டும் என்றனர். நோக்கம் நல்லது. ஆனால் தொடக்கத்தில் இறக்கிவிட்டுப் பிறகு மாற்றிவிடலாம் என்பது எந்தப் பயிற்றுவிப்பாளருக்கும் தெரியும். விதியால் பையனைத் திடலுக்கு அனுப்பலாம், பந்தை அவனுக்குத் தட்டும்படி மற்றவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

வேறெந்த லீக்கிலும் அரிதான ஒன்று இங்கே உண்டு: தேசிய சேவை, அதாவது இளையருக்கான கட்டாயப் படைச் சேவை. பதினெட்டு, பத்தொன்பது வயதில், ஆட்டக்காரன் வேகமாக வளரும் காலத்தில், இரண்டு ஆண்டு சீருடை. பயிற்சிக்கு நேரம் கிடைப்பது பிரிவைப் பொறுத்தது. பிழைப்பட்ட கணிப்புகள் பல இதிலிருந்து பிறக்கின்றன. போன பருவம் மின்னிய பையன் இந்தப் பருவம் ஏன் காணோம் என்றால், பல நேரம் விடை முகாமில் இருக்கிறது. லீக் வரலாற்றில் ஒன்பது முறை வென்ற வாரியர்ஸ் குழுவின் பழைய பெயர் சிங்கப்பூர் ஆயுதப்படைக் காற்பந்துக் குழு. நல்ல இளையர் சேவைக் காலத்தில் அங்கே ஆடியது அதன் பலங்களில் ஒன்று. அந்தக் குழு 2020 முதல் லீக்கில் இல்லை.

அட்டைகளையும் எண்ண வேண்டும். சிவப்பு அட்டை என்றால் அடுத்த ஆட்டம் தானாகவே போகும். மஞ்சள் சேர்ந்து சேர்ந்தும் தடை வரும். இங்கிலாந்தில் முதல் 19 ஆட்டத்துக்குள் ஐந்து மஞ்சள் வாங்கினால் ஓர் ஆட்டத் தடை. பட்டியலின் முதலிரண்டு குழுக்கள் மோதும் வாரத்துக்கு முந்தைய வாரம், தடையின் விளிம்பில் நிற்கும் நடுத்திடல் ஆட்டக்காரரைப் பயிற்றுவிப்பாளர் உட்காரவைப்பது காயத்தால் அல்ல. காணொளி உதவி நடுவர் முறை இங்கே 2023ல் வந்தது. அதன்பின் கோல் விழுந்ததும் துள்ளுவதற்கு முன் நடுவரின் காதைப் பார்க்கும் பழக்கம் ரசிகர்களுக்கு வந்துவிட்டது.

வென்றால் என்ன, தோற்றால் என்ன?

பெரும்பாலான லீக்குகளில் கடைசி இடங்களுக்குத் தண்டனை உண்டு, கீழ்ப்பிரிவுக்கு இறக்கம். சிங்கப்பூர் பிரிமியர் லீக்கில் இறக்கமும் இல்லை, கீழிருந்து ஏற்றமும் இல்லை. அடியில் இருக்கும் லீக் அமெச்சூர் குழுக்களுக்கானது, அங்கே வெல்பவருக்கு மாதச் சம்பளம் தரவோ அரங்கம் நடத்தவோ பணமில்லை. யங் லயன்ஸ் போன்ற, சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கமே நடத்தும் வளர்ப்புக் குழு ஒன்று 2003 முதல் லீக்கில் இருக்க முடிவதும் இறக்கம் இல்லாததால்தான். இதற்கு விலை உண்டு. பருவத்தின் கடைசி இரண்டு மாதம் பட்டியலின் கீழ்ப்பாதி வெறும் சடங்காகிவிடுகிறது. இங்கிலாந்தில் பதினேழாவது இடத்துக்கு நடக்கும் சண்டையின் பதற்றம் இங்கே வராது. லீக்கின் பெரிய குறை இது என்பது எங்கள் கருத்து. பணம் இல்லாமல் இதற்கு விடையும் இல்லை.

மேலே இருப்பவர்களுக்குப் பரிசு ஆசியப் போட்டி இடம். எத்தனை இடம் என்பதை ஆசியக் கூட்டமைப்பின் தரவரிசை தீர்மானிக்கிறது. வென்றால் மட்டும் போதாது. விளையாட்டு, அரங்கம், ஊழியர், சட்டம், நிதி என்று ஐந்து வகை நிபந்தனைகளை நிறைவு செய்து உரிமம் வாங்கவேண்டும்.

இங்கே ஒரு விசித்திரம். 2004ல் சேர்ந்த அல்பிரெக்ஸ் நிகாட்டா, ஜப்பானியக் குழு ஒன்றின் கிளை. 2016 முதல் 2023 வரை ஆறு முறை லீக்கை வென்றது. 2018ல் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. ஆனாலும் ஆசியப் போட்டியில் சிங்கப்பூரைப் பிரதிநிதிக்க அதற்குத் தகுதியில்லை. புருணையின் டிபிஎம்எம்முக்கும் அதே நிலை. 2019ல் டிபிஎம்எம் வென்றது, 2020 ஜனவரியில் ஆசிய வெற்றியாளர் லீக்கின் தொடக்கச் சுற்றில் ஆடியது தெம்பனிஸ். அந்த ஆண்டுகளில் பட்டியலில் இரண்டு போட்டிகள் ஒரே நேரத்தில் நடந்தன: பட்டத்துக்கு ஒன்று, உள்ளூர்க் குழுக்களில் முதலாவது யார் என்பதற்கு ஒன்று. பழைய பட்டியல்களைத் திருப்பிப் பார்ப்பவர்கள் இரண்டாமிடத்தாரின் கொண்டாட்டம் ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்று குழம்பவேண்டாம். 2024-25 முதல் அல்பிரெக்ஸும் உள்ளூர்க் குழுவாக மாறி மற்றவர்களின் விதிக்குள் வந்துவிட்டது.

லீக் பிறந்த கதையையும் இங்கே இரண்டு வரியில் சொல்லிவிடலாம். 1994ல் சிங்கப்பூர் மலேசிய லீக்கையும் மலேசியக் கிண்ணத்தையும் ஒருசேர வென்றது. நுழைவுச்சீட்டு வருமானப் பங்கீட்டுத் தகராறில் அங்கிருந்து விலகியது. 1996ல் எட்டுக் குழுக்களோடு எஸ்.லீக் தொடங்கியது. அந்த முதல் பருவம் இரண்டு தொடர்களாக நடந்து, இரண்டின் வெற்றியாளர்களும் மோதும் ஓர் இறுதியாட்டம் வைத்து முடிந்தது, கேலாங் யுனைடெட் வென்றது. லீக்கில் இறுதியாட்டம் இல்லை என்று மேலே சொன்ன விதிக்கு நம் ஊரின் முதல் பருவமே விலக்கு. 2018ல் பெயர் சிங்கப்பூர் பிரிமியர் லீக் ஆனது. 2020ல் ஹோம் யுனைடெட் தனியார் கைக்குப் போய் லயன் சிட்டி செய்லர்ஸ் ஆனது. இப்படிப்பட்ட சிறிய லீக்கில் ஒரு குழு போர்ச்சுகலிலிருந்து ஒரே ஆளுக்கு 29 லட்சம் வெள்ளி கொடுத்து டியேகோ லோபஸை வாங்கினால் பட்டியலில் என்ன ஆகும் என்பதை அதற்குப் பிந்தைய பருவங்கள் காட்டுகின்றன. காசு கொட்டினால் உடனே பட்டம் என்பதுமில்லை. 2022, 2023 இரண்டிலும் அல்பிரெக்ஸ்தான் வென்றது.

கடைசி ஆட்டவாரத்தில், முடிவு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால், தொடர்புடைய ஆட்டங்களை ஒரே நேரத்தில் தொடங்குவது உலக வழக்கம். 1982 உலகக் கிண்ணத்தில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மற்ற ஆட்டத்தின் முடிவைத் தெரிந்துகொண்டு இருவருக்கும் வசதியான கோல் எண்ணிக்கையில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்த பிறகு இறுகிய வழக்கம் இது. 2021 அக்டோபரில் செய்லர்ஸும் அல்பிரெக்ஸும் கடைசி நாள்வரை துரத்திக்கொண்டு வந்தபோது, செய்லர்ஸ் பாலஸ்டியர் கால்சாவை வென்று, அந்தப் பெயரில் தன் முதல் லீக் பட்டத்தை எடுத்தது. அப்படிப்பட்ட நாளில் ஒரு திடலில் உட்கார்ந்திருப்பவர் கைப்பேசியில் மற்றத் திடலின் கோல் கணக்கையும் திறந்துவைத்திருக்க வேண்டும். அங்கே விழும் ஒரு கோல், இங்கே சமநிலையோடு திருப்திப்பட்டு நின்ற குழுவைக் கோல்காப்பாளரைத் தவிர அனைவரையும் முன்னால் அனுப்ப வைத்துவிடும்.